ஒன்பதாம் கழி

ஜூலை 2, செவ்வாய்

காலேஜ் மிஸ் ரெண்டு நோட்டு குடுத்தாங்க. ஒண்ணு கட்டம் போட்டது, அது அவங்களுக்கு. இன்னொண்ணு சும்மா கோடு போட்டது, கைக்காவலா வெச்சிக்கோங்கன்னாங்க. இதுல என் இஷ்டத்துக்கு எழுதப் போறேன். பத்தாவது பாஸ் பண்ணதுக்கு அப்புறம் ஒரு லெட்டர்கூட எழுதினதில்ல. "என்னப் போட்டு அறுக்கறதுக்குப் பதிலா அந்த நோட்ட அறு மாமா"ன்னா பூங்காவனம். என் பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி. எனக்கு அதைவிட ஜாஸ்தி.

வேலை இதுதான். நெடுவாய் ஏரியில பன்னெண்டு எடத்துல மூங்கில் கழி நட்டிருக்காங்க. செவ்வாய்க்கெழமை தோறும் என் தெர்மாகோல் தெப்பத்த எடுத்துக்கினு ஒவ்வொரு கழியா சுத்தி வரணும். கழியச் சுத்திப் புதுச் செடி ஏதாவது மொளச்சிருக்கான்னு பாக்கணும். இருந்தா எத்தனைன்னு எழுதணும். இல்லன்னா 'இல்லை'ன்னு எழுதணும். முக்கியமா ஆகாயத்தாமரை. பக்கத்துல ஓலப்பந்தல் ஏரி அதால ரெண்டே வருஷத்துல மூடிப்போச்சு. அங்க இப்ப மாடு எறங்கினா மாட்டத் தேடணும். எங்க ஏரியில இன்னும் வரல.

மிஸ் பேரு பெனிட்டா. சின்ன வயசு, ஆனா பேச்சு கறாரு. "துளசிங்கம் அண்ணா, ஒரே ஒரு செடியப் பாத்தாலும் அன்னிக்கே போன் பண்ணுங்க. அன்னிக்குன்னா ஒரு கையால தூக்கிப் போட்டுடலாம். வாரத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாவும் அது. விட்டீங்கன்னா அப்புறம் யாராலயும் முடியாது." மூணு தடவ சொன்னாங்க. மூணு தடவயும் தலையாட்டினேன். மீன் புடிக்கறவன்கிட்ட வந்து ஏரியப் பத்திப் பாடம்.

கரையில வேதகிரி உட்கார்ந்து கேட்டுக்கினு இருந்தான். பூங்காவனத்தோட தம்பி, என் மச்சான். மதகு தொறக்கறது அவன் வேலை. எங்க மதகுல திருகற இரும்புக் கம்பி ஒடஞ்சு நாலு வருஷம் ஆவுது, மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சுது. வயலுக்குத் தண்ணி வேணும்னா வேதகிரிதான் மூச்சடக்கி முழுகி, அடியில அடைச்சிருக்கற கட்டையக் கையால புடுங்கணும். அவங்க அப்பாவும் அதைத்தான் செஞ்சாரு. ஊர்ல வேற எவனுக்கும் அந்தத் தில்லு கெடையாது. எனக்கும்தான்.

"செடி வந்தா மாமாவுக்கு மீன் போவும் மிஸ். எனக்கு மூச்சே போவும்"னு சொன்னான். "ஓலப்பந்தல்ல மதகுல முழுகினவன் காலுல வேரு சுத்திக்கிச்சு. இழுத்துப் போட ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு."

சிரிச்சுக்கினேதான் சொன்னான். அவன் எதையும் அப்படித்தான் சொல்லுவான்.

ஜூலை 9, செவ்வாய்

பன்னெண்டு கழி, பன்னெண்டு இல்லை. முதுகு போச்சு.

ஜூலை 23, செவ்வாய்

இல்லை. பன்னெண்டு தடவ ஒரே வார்த்தய எழுதறதுக்கு ஒரு முத்திரை செஞ்சு குடுக்கலாம்.

பூங்காவனத்துக்கு நாலாம் மாசம். சோத்து வாடையே ஆவல. இட்லி மட்டும் உள்ள போவுது, அதுவும் எனக்குத் தெரியாம எழுந்து திங்கறா. இது மூணாவது தடவ. மொதத் தடவ மூணாம் மாசத்துலயே போச்சு. ரெண்டாவது அஞ்சாம் மாசம் வரைக்கும் வந்துச்சு. அதப்பத்தி எழுதறதுக்கு ஒண்ணுமில்ல.

அவ ஒரு கணக்கு வெச்சிருக்கா. அந்த அஞ்சாம் மாசம் நடந்ததுக்கு ஒரு வாரம் முன்னாடி நான் குஞ்சோட இருந்த விராலை வலையில புடிச்சேனாம். அதனாலதானாம். விரால் குஞ்சு பொரிச்சா ஆணும் பொண்ணும் கூடவே இருந்து காக்கும், பக்கத்துல போனா மோதும். எங்க ஆளுங்க அத அந்த நேரத்துல தொடமாட்டாங்க. நான் தொட்டேன். எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது. டாக்டரம்மா ரத்தம் கம்மின்னு தெளிவா சொன்னாங்க. அதை இவகிட்ட யாரு சொல்றது.

இந்தத் தடவ சத்தியம் கேட்டா. புள்ள பொறக்கற வரைக்கும் பச்ச மரம் வெட்டக்கூடாது, பாடை தூக்கக்கூடாது, குஞ்சு காக்கற எதையும் கலைக்கக்கூடாது. தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டேன். பண்ணாதான் தூங்குவா.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒன்பதாம் கழி வடக்கு மூலையில இருக்குது. கோரையும் தண்ணியில நிக்கற கருவேல மரமுமா, அந்தப் பக்கம் கரையில ஆள் நடமாட்டமே கெடையாது. தெப்பத்தத் தள்ளிக்கினு உள்ள போனேன். ஆறு செடி. தண்டு குண்டு குண்டா வீங்கிப்போயி, எல பளபளன்னு. ஒண்ணுல பூ. ஊதாக் கலர்ல, நடுவுல மயில்கண்ணு மாதிரி மஞ்சப் பொட்டு. ஒரு நிமிஷம்கூட யோசிக்கத் தேவையில்ல. ஓலப்பந்தல்ல இதைத்தானே பாத்தேன்.

கைய நீட்டினேன். அப்பதான் தண்ணி கொப்புளிச்சுது. செக்கச்செவேல்னு குஞ்சுங்க, ஒரு தாம்பாளம் அகலத்துக்கு, செடியோட வேருக்கடியில மொய்ச்சுக்கினு இருந்துச்சு. பொரிச்சு மூணு நாள்கூட ஆயிருக்காது. பெரிய விரால் ஒண்ணு வந்து தெப்பத்துல மோதிச்சு. தெர்மாகோல் அதிர்ந்துச்சு.

அந்தச் செடியத் தூக்கினா குஞ்சுங்களுக்கு மறைவு போயிடும். கருவ மரத்துல கொக்கும் மீன்கொத்தியும் உட்கார்ந்து வேடிக்கை பாக்குது. ஒரு மணி நேரத்துல ஒண்ணு மிச்சம் வெக்காது.

இன்னும் ஒரு மாசம். குஞ்சுங்க பெருசாயி தனித்தனியா போயிடும். அப்புறம் அஞ்சு நிமிஷ வேலை. ஆறு செடி. இதுக்குப் போயி மிஸ்ஸக் கூப்பிட்டா ஜீப்பு, கூடை, பத்துப் பசங்கன்னு வந்து எறங்கிடுவாங்க. விராலாவது குஞ்சாவது. இது சத்தியத்துக்காக இல்ல. விரால் எங்க தொழிலுக்கு முதல், அதைக் காப்பாத்தறது தப்பில்ல.

கட்டம் போட்ட நோட்டுல ஒன்பதாம் கழிக்கு 'இல்லை'ன்னு எழுதினேன்.

பூவ மட்டும் கிள்ளிட்டேன், தூரத்துல இருந்து எவன் கண்ணுலயும் படவேணாம்னு. வீட்டுக்குக் கொண்டாந்து பூங்காவனத்துக்குக் குடுத்தேன். அஞ்சு வருஷமா மல்லிப்பூவத் தவிர வேற எதையும் குடுக்காதவன் குடுத்தா சும்மா விடுவாளா. "ஏரியில வந்துடுச்சா மாமா?"ன்னு மொகம் மாறிப்போச்சு. ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, புடுங்கிப் போட்டுட்டேன்னு சொன்னேன். அப்புறம்தான் சிரிச்சா. தேதிக் காலண்டர்ல இன்னிக்குத் தாளக் கிழிச்சு அதுக்குள்ள பூவ வெச்சு மடிச்சா.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இல்லைன்னு எழுதினேன். பதிமூணு.

குஞ்சுங்க அரை வெரல் வந்துடுச்சு. புதுசா வந்த மூணு பூவயும் கிள்ளித் தண்ணியில அமுக்கிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இருபத்தாறு. மிஸ் சொன்னது சரிதான், வாரத்துக்கு ரெட்டிப்பு. பூங்காவனத்துக்கு அஞ்சாம் மாசம். ராத்திரியில கைய வயித்து மேல வெச்சுக்கினே தூங்கறா.

செப்டம்பர் 3, செவ்வாய்

மிஸ் போன் பண்ணாங்க. வெள்ளாட்டூர் ஏரியில எங்கள மாதிரியே ஒரு அம்மா நோட்டு எழுதறாங்களாம். போன வாரம் அஞ்சு செடியப் பாத்துட்டு அன்னிக்கே கூப்பிட்டாங்களாம். "ஒரு பிளாஸ்டிக் கூடைதான் அண்ணா. கூடையில அள்ளி, கரையத் தாண்டிக் கொண்டு போயி காய வெச்சு எரிச்சோம். முடிஞ்சுது வேலை." சந்தோஷத்துல அவங்களுக்கு மூச்சு வாங்கிச்சு. "உங்க ஏரியில எப்படி?"

இல்ல மிஸ், சுத்தமா இருக்குதுன்னேன்.

போன வெச்சதும் எழுந்து போயி வலையெல்லாம் ஒதறிப் போட்டேன். ஒதற வேண்டிய வலை இல்ல அது. இன்னும் ரெண்டு வாரம்தானே.

செப்டம்பர் 10, செவ்வாய்

எண்ணல. இல்லை.

பூங்காவனத்துக்குக் கொழந்த மொதத் தடவயா ஒதைச்சுது. என் கைய எடுத்து வெச்சுக் காட்டினா. அஞ்சாம் மாசம் தாண்டியாச்சு.

செப்டம்பர் 18, புதன்

நேத்து போனேன், விரால் இல்ல, குஞ்சும் இல்ல. போயிடுச்சுங்க. சொன்ன சொல்லக் காப்பாத்தியாச்சு. இன்னிக்கு அருவாளும் முள்ளுக்கம்பும் எடுத்துக்கினு எறங்கினேன். ஆறு செடி இருந்த எடத்துல ஆறு கட்டில் போடலாம். ஒண்ண இழுத்தா ஒம்போது கூட வருது, வர்ற வழியில மூணு அறுந்து மெதந்து போவுது. கருவ மரத்துக்கு நடுவுல தெப்பமே போகல. மதியத்துக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு.

வேற வழியில்லாம வேதகிரியக் கூப்பிட்டேன். போன வாரம்தான் பாத்தேன், யாருக்கும் தெரியறதுக்குள்ள எடுத்துடலாம், மிஸ் வந்தா நூறு கேள்வி கேப்பாங்கன்னு சொன்னேன். வந்தான். கழுத்தளவு தண்ணியில நின்னு ஒரு செடிய வேரோட தூக்கினான். அவன் கை நீளத்துக்கு வேரு தொங்கிச்சு, கறுப்பா. அதையே பாத்துக்கினு நின்னான்.

"மாமா, இது ஒரு வாரத்துச் செடி இல்ல."

நான் இன்னொரு செடியப் புடிச்சு இழுத்தேன்.

"அக்காவுக்காகவா?"

விராலுங்க அந்த மூலையில இருந்தது அவனுக்கும் தெரியும். முழுகறவனுக்கு ஏரியில தெரியாதது எது.

"சரி வுடு, அள்ளு"ன்னான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. சாயங்காலம் வரைக்கும் அள்ளினோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

மூணு நாள் அள்ளியாச்சு. முக்கால்வாசி வந்துடுச்சு. கரைக்கு மேல தூக்கிக் கொண்டு போனா ஊரே பாக்கும். அதனால கரைக்கு உள்பக்கம், கருவ மரத்தடியிலேயே குவிச்சு வெச்சிருக்கோம். வெயில்ல காஞ்சுடும். காஞ்சதும் கொளுத்திடலாம். வேதகிரி மட்டும் "அந்தப் பக்கம் கொண்டு போயிடலாமே மாமா, மழை வர்ற மாதிரி இருக்குது"ன்னான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. யாரு பாத்தா நீயா பதில் சொல்லுவன்னு கத்தினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

மூணு நாளா மழை. ஏரி நாலு அடி ஏறிடுச்சு. குவியல் இருந்த எடத்துல தண்ணி நிக்குது. குவியல் இல்ல.

அக்டோபர் 8, செவ்வாய்

மூணாம் கழி, ஏழாம் கழி, ஒன்பது, பத்து, பன்னெண்டு. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. கட்டம் போட்ட நோட்டுல 'இன்று முதன்முதலாகக் காணப்பட்டது'ன்னு எழுதிட்டு மிஸ்ஸுக்குப் போன் பண்ணேன்.

வந்தாங்க. கரையில நின்னு பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டல. "போன செவ்வாய் இல்லயா அண்ணா?" "இல்ல மிஸ்." "ஓலப்பந்தல்லேர்ந்து வரத்துக் கால்வா வழியா மொத்தமா அடிச்சுக்கினு வந்திருக்கும்"னு அவங்களே ஒரு காரணமும் சொல்லிட்டாங்க. நான் பிடிச்சுக்கினேன்.

கூடையெல்லாம் இனிமே பிரயோஜனமில்லயாம். மிஷின் வேணும். மிஷினுக்கு மனு. மனுவுக்கு ரெண்டு எடத்துல கையெழுத்து. மழை முடிஞ்சு ஜனவரியில பாக்கலாம்னு ஆபீசுல சொல்லிட்டாங்களாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

வளைகாப்பு. அப்பா அம்மா இல்லாத பொண்ணு, அதனால வேதகிரிதான் எல்லாம். அஞ்சு வகை சாதம், வளையல், பொடவைன்னு தனியாளா நின்னு செஞ்சான். மொத வளையலப் போட்டுட்டு அக்கா வயித்துகிட்டக் குனிஞ்சு, "டேய், சீக்கிரம் வா, மாமன் மடியில உட்கார வெச்சுத்தான் உனக்குக் காது குத்தணும், மாமன் பொறுமையில்லாதவன்"னான். "பொண்ணா இருந்தா?"ன்னு யாரோ கேட்டாங்க. "பொண்ணா இருந்தா மாமன் ரெண்டு காதயும் சேத்துக் குத்திக்குவான்"னான். பூங்காவனத்துக்குச் சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்கிச்சு.

வாசல்ல நின்னு ஏரியப் பாத்தேன். பாதி பச்சை.

நவம்பர் 12, செவ்வாய்

கழி எதுவுமே கண்ணுக்குத் தெரியல. எழுதறதுக்கு என்ன இருக்குது. தெப்பம் நாலு முழம் போவுது, நிக்குது. வலை போட்டா செடிதான் வருது. மீன்புடி சங்கத்து ஆளுங்கள்ல ஏழு பேரு கட்டட வேலைக்குப் போயிட்டாங்க. தண்ணி கறுத்து நாறுது. நேத்து மதகுகிட்ட ஒரு பெரிய விரால் வயித்த மேல காட்டிக்கினு மெதந்துச்சு. மூச்சு முட்டிச் செத்திருக்குது.

வேதகிரி மதகுல எறங்கப் பாத்துட்டு ஏறி வந்துட்டான். "மேல பாய் விரிச்ச மாதிரி இருக்குது மாமா. அடியில ஒரே இருட்டு. கைய நீட்டினா வேரு." இந்தத் தடவ சிரிக்கல. தண்ணி இப்ப வயலுக்குத் தேவையில்ல, மழை இருக்குது, அதனால எறங்க வேண்டிய வேலை இல்லன்னு சொன்னேன். அவன் சரின்னான்.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல். நேத்து சாயங்காலத்துலேர்ந்து நிக்கல. செடி மொத்தமும் காத்துக்கு ஒதுங்கி ஏரிக் கோடியில போயி அடைச்சுக்கினு இருக்குது. உபரித் தண்ணி போற வழியே அது ஒண்ணுதான். கரைக்கு இன்னும் ரெண்டு முழம் பாக்கி.

டிசம்பர் 2, திங்கள்

வேதகிரி போயிட்டான்.

டிசம்பர் 6, வெள்ளி

எழுதணும். எழுதலன்னா நான் பொய்யா எதையாவது ஞாபகம் வெச்சுக்குவேன்.

திங்கக்கெழமை காலையில தண்ணி கரைக்கு ஒரு சாண் கீழ வந்துடுச்சு. கோடியில இருபது பேரு அருவாளோட நின்னு வெட்டினாங்க. ஒரு பக்கம் வெட்டினா இன்னொரு பக்கம் வந்து அடைக்குது. அவசரம்னு அனுப்பின மிஷின் வர்ற வழியில ரோடு அறுத்துக்கிச்சு. கரை ஒடஞ்சா கீழத்தெரு நூத்திப்பத்து வீடு. மதகத் தொறந்துவிட்டா கரை தாங்கும்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறந்து சொல்லல. எல்லாரும் வேதகிரியப் பாத்தாங்க.

அவன் சட்டையக் கழட்டினான். பதினோரு மணி இருக்கும். இடுப்புல கயிறு கட்டிக்கினான். முடிச்சையும் அவனே போட்டான். "கயிற நீயே புடி மாமா. ரெண்டு தடவ சுண்டினா இழு." வேணாம்டா, மிஷின் வரட்டும்னேன். அவன் காதுல மட்டும் விழற மாதிரி, "மிஷின் வராது மாமா, உனக்கே தெரியும்"னான். அதுல குத்தல் எதுவும் இல்ல. குத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மதகு மேல செடிய வெட்டி ஒரு ஆள் எறங்கற அளவுக்கு ஓட்டை போட்டோம். மொதத் தடவ முழுகிட்டு மேல வந்தான், தலையெல்லாம் வேரு. கட்டை கையில ஆப்பிட்டுதுன்னான், மூச்ச இழுத்துக்கினு திரும்ப எறங்கினான். கொஞ்ச நேரத்துல கரைக்கு அந்தப் பக்கம் கால்வாயில தண்ணி பொத்துக்கினு கொட்டுற சத்தம் கேட்டுது. கீழத்தெரு ஜனங்க கத்தினாங்க, சந்தோஷத்துல. நான் கயிறப் பாத்துக்கினு இருந்தேன். கயிறு கிர்ருனு எறங்கிச்சு. சுண்டல. இழுத்தேன், வரல. மேல நாங்க போட்ட ஓட்டையில செடி வந்து மூடிக்கிச்சு. தண்ணி வேகத்துல செடியும் வேருமா மதகு வாய்க்குப் போவுது, அவனையும் சேத்து இழுத்துக்கினு. எட்டு பேரு புடிச்சு இழுத்தோம். கயிறு மதகுக் கல்லுல தேஞ்சு அறுந்து, வெறுங்கயிறு வந்துச்சு.

கரை ஒடையல. ஊர் பொழச்சுது.

புதன்கெழமை தண்ணி எறங்கினப்புறம் மதகுக்கடியில இருக்கற சுரங்கத்துலேர்ந்து அவன எடுத்தாங்க. வேர வெட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. கையில ஒரு செடிய இறுக்கிப் புடிச்சிருந்தான். அதை யாராலயும் விரல்லேர்ந்து எடுக்க முடியல, அப்படியேதான் கொண்டு போனோம்.

கொண்டு போனாங்கன்னு எழுதணும். பாடை தூக்கப் போனேன். பெரியவர் ஒருத்தர் கையப் புடிச்சு நிறுத்தினாரு. "துளசிங்கம், நீ தூக்கக்கூடாது. வீட்டுல வயித்துப்புள்ளக்காரி இருக்குது." ஒதுங்கி நின்னேன். அந்த சத்தியத்த அன்னிக்கும் காப்பாத்தினேன்.

பூங்காவனத்த வெளிய விடல. ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கினு நின்னா. கத்தல. "அவன் காலுல செருப்பு இல்ல மாமா"ன்னு மட்டும் என்கிட்ட சொன்னா.

டிசம்பர் 17, செவ்வாய்

செவ்வாய்க்கெழமைன்னா கால் தானா கரைக்குப் போவுது.

டிசம்பர் 24, செவ்வாய்

மிஸ் போன் பண்ணாங்க. எடுக்கல.

ஜனவரி 9, வியாழன்

பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சத்தியத்த ஒழுங்கா காப்பாத்தினதாலதான்னு பூங்காவனம் என் கையப் புடிச்சுக்கினு அழுதா. இரும்பு மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டதாலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கொழந்தைய என் கையில குடுத்தாங்க. கண்ணு தொறக்கல. மூக்கு வேதகிரி மூக்கு.

ஜனவரி 28, செவ்வாய்

ஒரு வழியா மிஷின் வந்து அள்ளிக்கினு இருக்குது. லாரி லாரியா. ஒரு கூடை வேலை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்னிக்குக் காலையில மிஸ் வீட்டுக்கே வந்தாங்க. கட்டம் போட்ட நோட்ட வாங்கிக்கினு போகவும், கொழந்தையப் பாக்கவும். சின்னதா ஒரு சட்டை வாங்கியாந்திருந்தாங்க. எந்த ஏரியில செடி எப்ப வந்துச்சு, எத்தன நாள்ல மூடிச்சுன்னு எழுதி மேல அனுப்பப் போறாங்களாம். வேற ஊர்ல இப்படி ஆவக்கூடாதுன்னு. "மொதல்ல பாத்தது அக்டோபர் எட்டு. சரிதானே அண்ணா? ஆனா அந்த வேகத்துக்குக் கணக்கு ஒதைக்குது. எட்டு வாரத்துல ஒரு ஏரிய மூட முடியாது." நான் சரிதான் மிஸ், அக்டோபர் எட்டுதான்னேன்.

பூங்காவனம் கொழந்தையத் தோள்ல போட்டுக்கினு கேட்டுக்கினு இருந்தா. என்னைக் கொற சொல்றாங்கன்னு அவளுக்குப் பட்டுடுச்சு போல. வெடுக்குனு உள்ள போனா. சாமி படத்துக்குப் பின்னாலேர்ந்து மடிச்ச காலண்டர் தாளக் கொண்டாந்தா.

"எங்க வீட்டுக்காரு கண்ணுல எதுவும் தப்பாது மிஸ். ஆடி மாசமே ஒண்ணு வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. பாத்த ஒடனே புடுங்கிப் போட்டுட்டு, பூவ எனக்குக் கொண்டாந்து குடுத்தாரு. இதோ பாருங்க."

தாளப் பிரிச்சா. ஊதாக் கலர் போயி பழுப்பா, மெலிசா ஒட்டிக்கினு இருந்துச்சு. ஆகஸ்ட் 13, செவ்வாய், ஆடி 28. ஓரத்துல பேனாவால 'மாமா குடுத்தது'ன்னு எழுதியிருந்தா.

மிஸ் கட்டம் போட்ட நோட்டப் பொரட்டினாங்க. ஆகஸ்ட் 13. ஒன்பதாம் கழி. 'இல்லை'. என் கையெழுத்து. அதுக்கு அடுத்த வாரம், அதுக்கும் அடுத்த வாரம்.

"ஒண்ணு இருந்துச்சுன்னா ஏன் அண்ணா எழுதல?"

பூங்காவனம் இன்னும் சிரிச்ச மொகத்தோடதான் என்னத் திரும்பிப் பாத்தா. நான் என்ன பதில் சொல்லப் போறேன்னு. என் மொகத்தப் பாத்தா. பாத்துக்கினே இருந்தா. அவ சிரிப்பு போனத நான் பாத்தேன்.

"எத்தன இருந்துச்சு?"ன்னா.

ஆறுன்னேன்.

"ஏன் எடுக்கல?"

"விரால் குஞ்சு வெச்சிருந்துச்சு." அதுக்கு மேல சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன். "உனக்காகத்தான் பூங்காவனம். கொழந்தைக்காக."

மிஸ் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் பூங்காவனம் மெதுவாத்தான் சொன்னா, கொழந்த தூங்குதுன்னு.

"என் தம்பிய என் தலையில போடாத மாமா. புள்ள தலையிலயும் போடாத. உன்கூட எறங்கி அள்ளினானே, அவனுக்குத் தெரியுமா?"

தெரியும்னேன்.

"தெரிஞ்சுமா அன்னிக்கு உன் கையில கயிறக் குடுத்தான்?"

நான் மிஸ்கிட்டேர்ந்து நோட்டையும் பேனாவையும் வாங்கினேன். ஆகஸ்ட் 13, ஒன்பதாம் கழி. 'இல்லை'ய அடிச்சேன். அதுக்குப் பக்கத்துல எழுதினேன்: ஆறு செடி, ஒரு பூ. இந்த நோட்டப் பாத்து அடுத்தடுத்த செவ்வாய்க்கும் எழுதினேன். பதிமூணு. இருபத்தாறு. எண்ணாத வாரத்துக்கு 'எண்ணவில்லை'ன்னு எழுதினேன். மிஸ் அதை வாங்கிப் பையில வெச்சுக்கினு, பூங்காவனத்தோட கையத் தொட்டுட்டுப் போயிட்டாங்க. காலண்டர் தாளையும் அவங்ககிட்டயே குடுத்து அனுப்பிட்டா.

கொழந்த எழுந்து அழுதுது. கைய நீட்டினேன். அவ குடுக்கல.